கடைசி அடிவரை ஒரே எழுத்து

அன்புள்ள ஆஷா லுல் முகமது யூசுஃப் அவர்களுக்கு,

2017இல் வெளிவந்த உங்கள் சோமாலி-ஆங்கில இருமொழித் தொகுப்புக்காக இந்த நன்றி மடல். அதன் தலைப்புக் கவிதை ‘தஹ்ரீப்’. பாலைவனத்தையும் கடலையும் கள்ளத்தனமாகக் கடந்து ஐரோப்பா போகத் துணியும் இளைஞர்களின் பயணத்தை உங்கள் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

சோமாலி எனக்குத் தெரியாது. ஆனால் 1972 முதல் உங்கள் மொழிக்கு லத்தீன் எழுத்து என்பதால் மூலத்தை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மோனை காதில் வந்து மோதியது. எங்கள் தமிழ் மரபில் அடிக்கு அடி மோனை எழுத்தை மாற்றிக்கொள்ளலாம். உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ‘க’ என்று எடுத்தால் கடல், கரை, கலம், கண்ணீர் என்று போய், சொல் வற்றிப்போகும் இடத்திலும் ‘க’வையே தேடியாக வேண்டும், கடைசி அடிவரை. பிள்ளைகளைக் கடல் கொண்டுபோன துயரத்தையும் இந்தக் கட்டுக்குள் நின்றே சொல்கிறீர்கள். புலம்பலாகச் சிதறியிருக்கக்கூடியது, அதனால்தான் வாதமாக நிமிர்ந்து நிற்கிறது.

போரும் அரசியலும் பேசும் ‘கபை’ நெடுங்காலம் ஆண்களின் கவிதை வடிவமாகவே கருதப்பட்டது. பெண்களுக்கென்று இருந்தது ‘புராம்புர்’. கல்யாண வீடுகளில் மேளத்தோடும் கைதட்டலோடும் பாடுவது. அதுவும் செழிப்பான வடிவம்தான். ஆனால் நாட்டைப் பற்றிப் பேச நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் கபையைக் கையிலெடுத்தீர்கள். இதற்குத்தான் என் முதல் நன்றி.

நாட்டைப் பற்றிப் பேசப் பெண்ணுக்கு அனுமதி எதற்கு? உங்கள் மேய்ச்சல் குடிகளில் வீடு கட்டுவதே பெண்கள்தானே! வளைத்த கழிகளின்மேல் தாங்களே முடைந்த பாய்களைப் போர்த்தி ‘அகல்’ எழுப்புவார்கள். மழை பெய்த திசைக்குக் கிளம்பும்போது அதைப் பிரித்து ஒட்டகத்தின்மேல் ஏற்றுவார்கள். அந்த இடப்பெயர்வில் வீடும் கூடவே போனது. 1991இல் அரசு கவிழ்ந்தபின் தொடர்ந்த போர் துரத்தியபோது அப்படி எதையும் ஏற்றிக்கொண்டு போக முடியவில்லை.

உங்களுக்கு இளையவரான சோமாலியக் கவிஞர் வார்சன் ஷயர் லண்டனில் வளர்ந்து ஆங்கிலத்தில் எழுதி உலகெங்கும் போய்ச் சேர்ந்தார். அவரையும் நேசிக்கிறேன். நீங்களோ பிரிட்டனில் இருந்துகொண்டே, படகேறத் துடிக்கும் பிள்ளைக்குப் புரியும் மொழியில் எழுதுகிறீர்கள். உங்கள் கவிதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த கிளேர் பொலார்டுக்கும், துணைநின்ற சயீத் ஜமா ஹுசைன், முகமது ஹசன் ‘ஆல்டோ’ இருவருக்கும் நன்றி.

இனி இவை சோமாலியிலிருந்து நேரே தமிழுக்கு வர வேண்டும், அந்த ஒற்றை எழுத்தை விட்டுவிடாமல்.


ஒரு தமிழ் வாசகி