கொப்பியில் ஒரு சொல்

எங்கட கழகத்தின் வருடாந்தப் பரிசளிப்பில் 'சிறந்த வீரர்' கேடயம் ஆருக்கு என்பது போன வருசம் வரைக்கும் பெரிய கேள்வியாக இருந்ததில்லை. ஆர் கூட கோல் அடிச்சாரோ அவருக்கு. கோல் கணக்கில் குழப்பம் வந்தால், கேடயத்துக்குக் காசு அனுப்பின வெளிநாட்டு அண்ணையின் தம்பிக்கு. இப்படி எழுதினதுக்குக் கழகத்தில் சிலர் கோவிப்பினம். ஆனால் சிரிச்சுக்கொண்டுதான் கோவிப்பினம்.

நாங்கள் நாலு பேர். வேலணையில் இருந்து பண்ணைப் பாலத்தால் பஸ்ஸில் கம்பஸுக்குப் போய் வாறனாங்கள். ரெண்டு பெடியள், ரெண்டு பெட்டையள். ஒருத்தரும் திறமான ஆட்டக்காரர் இல்லை. ஆள் குறைஞ்சால் மட்டும் ஒருவன் இறங்குவான். 'படிக்கிற பிள்ளையள்தானே, எழுத்து வேலையைச் செய்யட்டும்' என்று கழகச் செயலாளர் போன வருசம் எங்களிடம் ஒரு கொப்பியைத் தந்தார்.

கழகத்தில் எழுத்தில் எதுவும் இல்லை. 1990, 91 இடப்பெயர்வோடு கழக அறையில் இருந்த கிண்ணம், படம், பதிவுப் புத்தகம் எல்லாம் போய்விட்டன. இப்ப அலுமாரியில் நிக்கிறதெல்லாம் சனம் திரும்பி வந்து குடியேறின பிறகு வாங்கினவை. அதுக்கு முந்தின ஆட்டக்காரரைப் பற்றிக் கேட்டால் வங்களாவடிச் சந்தியில் தேத்தண்ணி குடிக்கிற ஐயாமார்தான் சொல்லவேணும். அவையள் சொல்லுறதெல்லாம் கோல் கதைதான். ஆர் எந்த மூலையில் இருந்து அடிச்சான், வலை எப்படிக் கிழிஞ்சுது என்று நேற்று நடந்த மாதிரிச் சொல்லுவினம். கோலைத் தடுத்தவன்ர பேரைக் கேட்டால், 'உவன்... அந்தக் கறுவலான பெடியன்...' என்று இழுப்பினம்.

கொப்பியை என்ன செய்யிறது என்று யோசிச்சுக்கொண்டு இருந்த நேரம் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எங்களில் ஒருத்தியின் சித்தப்பா குடும்பம் அவுஸ்திரேலியாவில், விக்ரோறியா மாநிலத்தின் ஒரு நாட்டுப்புற ஊரில் இருக்கிறது. அவரின் மகன் அந்த ஊர்க் கழகத்தில், வயதுப் பிரிவு அணியில் ஒரு கேடயம் எடுத்திருந்தான். அதில் 'பெஸ்ட் அன்ட் பெயாரெஸ்ட்' என்று பொறிச்சிருந்தது. சிறந்தவரும் நேர்மையாக ஆடினவரும். சிறந்தவர் விளங்குது. நேர்மைக்கும் கேடயம் குடுப்பினமோ என்று கேட்டோம். தம்பி குரல் பதிவில் விளங்கப்படுத்தினான், அரைத் தமிழில்.

அவன் ஆடுறது எங்கட உதைபந்தாட்டம் இல்லை, அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்டம். பந்து முட்டை வடிவம், மைதானமும் நீள்வட்டம், பக்கத்துக்கு 18 பேர். ஒவ்வொரு முனையிலும் நாலு கம்பம் நிக்கும். நடு ரெண்டுக்குள்ளால் உதைச்சால் 6 புள்ளி, ஓரத்தால் போனால் 1. கையால் பிடிக்கலாம், எறியக்கூடாது. உள்ளங்கையில் வைச்சு மற்றக் கை முட்டியால் குத்தித்தான் குடுக்கவேணும். யூடியூப்பில் முதல் தரம் பார்த்தபோது, ஒரு சண்டைக்குள்ள ஆரோ பந்தைப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது. நாட்டுப்புற மைதானங்களில் சனம் காரை எல்லைக்கோட்டைச் சுத்தி நிப்பாட்டி உள்ளுக்க இருந்தபடியே பார்க்குமாம், கோல் விழுந்தால் ஹோர்ண் அடிக்குமாம். அதைக் கேட்டவுடன எங்களுக்கு அந்த ஊர் பிடிச்சுப்போட்டுது. எங்கட மைதானத்தில் அந்த வேலையை மோட்டச்சைக்கிள்கள் செய்யும்.

விருது முறைதான் எங்களை இழுத்தது. அந்த நாட்டின் பெரிய லீக்கில் இதுக்குப் பேர் பிரவுன்லோ பதக்கம். 1924இல் தொடங்கினது. ஒவ்வொரு ஆட்டம் முடியவும் நடுவர்களே கூடி மூன்று பேருக்கு 3, 2, 1 என்று புள்ளி போடுவினம். பருவம் முடியிற வரைக்கும் அது ரகசியம். பிறகு ஒரு இரவில் சுற்றுச் சுற்றாக வாசிப்பினம். இதில் ஒரு நிபந்தனை இருக்கு. அந்தப் பருவத்தில் முரட்டு ஆட்டத்துக்காகத் தடை வாங்கினவருக்குப் பதக்கம் இல்லை. 1997இல் கிறிஸ் கிராண்ட் என்றவர் 27 புள்ளியோடு முதலாவதாக வந்தார். ஒரு ஆட்டத் தடை வாங்கியிருந்ததால் பதக்கம் 26 புள்ளி எடுத்த றொபேர்ட் ஹார்விக்குப் போனது. ஒரேயொரு ஆட்டத் தடை!

வாசிச்ச அண்டைக்கு எங்களுக்கு அது அழகான விதியாகத் தெரிஞ்சது. கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதினோம்: ஒரு மட்சுக்கு மூன்று பேருக்கு 3, 2, 1. சிவப்பு அட்டை வாங்கினவருக்குக் கேடயம் இல்லை. கழக ஆட்டக்காரர் எல்லாரிட்டயும் அதுக்குக் கீழ கையெழுத்தும் வாங்கினோம். நடுவரையும் புள்ளி போடச் சொல்லிக் கேட்டோம். 'விசில் ஊதவே மூச்சு இல்லைத் தம்பி' என்றார். ஆனபடியால் நாங்களே போட்டோம்.

முதல் நாலு மட்சும் முடிய கொப்பியைப் பார்த்தால், ஒரு பின்கள ஆட்டக்காரருக்குக் கூட ஒரு புள்ளி இல்லை. எங்கட கண்ணும் அந்த ஐயாமாரின் கண்தான், பந்துக்குப் பின்னால் ஓடுது. பிரவுன்லோவிலும் இதே கதை. அண்மைக் காலத்தில் அது பெரும்பாலும் நடுக்கள ஆட்டக்காரருக்கே போகுது என்று அங்கேயும் குறை சொல்லுகினம். பந்து நிக்கிற இடத்திலதானே நடுவரும் நிப்பார். அதனால் மைதானத்தைப் பிரிச்சோம். ஒருத்தி பின்களத்தை மட்டும் பார்ப்பாள், கோல் விழுந்தாலும் திரும்பக்கூடாது. அவளுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது. ஆனால் அவள்தான் எங்களுக்கு ஒரு ஆளைக் காட்டித் தந்தாள்.

வலது பின்களத்தில் ஆடுற ஒரு அண்ணை. முப்பது தாண்டினவர், மேசன் வேலை. வேலை முடிஞ்சு சீமெந்துக் காலோடு நேரே மைதானத்துக்கு வருவார். எத்தினை வருசமாக அந்த இடத்தில் ஆடுறார் என்று அவருக்கே சரியாகத் தெரியாது. 'இண்டைக்கு அவர் ஒருக்காலும் விழேல்லை, ஒருத்தரையும் விழுத்தேல்லை, அவரின்ர பக்கத்தால ஒரு பந்தும் வரேல்லை' என்று அவள் கொப்பியில் எழுதினாள். அண்டைக்கு அவருக்கு 3 புள்ளி. அதுக்குப் பிறகு அவரைப் பார்க்கத் தொடங்கினோம். பார்க்கப் பார்க்கப் புள்ளியும் ஏறிச்சுது.

பெட்டையள் பற்றி ஒண்டு சொல்லாமல் போகேலாது. தம்பியின் ஊரில் உதைபந்தும் வலைப்பந்தும் ஒரே கழகம். ஒரே சனிக்கிழமை, ஒரே வளவு, அக்காமார் வலைப்பந்து ஆட அண்ணாமார் உதைபந்து ஆடுவினம். பரிசும் ஒரே இரவில் ரெண்டு பகுதிக்கும். எங்கட பரிசளிப்பில் பெட்டையளுக்கு உள்ள வேலை, சாறி உடுத்துத் தட்டத்தில் கேடயத்தை ஏந்திக்கொண்டு நிக்கிறது. ஈவினையில் இருந்து போன தர்ஜினி சிவலிங்கம் 2019 லிவர்பூல் உலகக்கிண்ண வலைப்பந்தில் 348 கோல் போட்டு முழுத் தொடரிலும் முதலிடம் எடுத்தவர். அவரின் படத்தை முகநூலில் போட்டுப் பெருமைப்பட்ட கழகங்களில் எத்தினையில் பெட்டையளுக்கு ஒரு வலைப்பந்து வளையமாவது இருக்கு? எங்கட கழகத்தில் இல்லை. போன வருசம் தட்டம் ஏந்த மாட்டோம் என்று எங்கட ரெண்டு பேரும் சொல்லிப்போட்டினம். செயலாளருக்கு முகம் ஒரு மாதிரிப் போச்சு. பிறகு கேடயங்களை மேசையில் அடுக்கினார். ஒண்டும் குறையேல்லை.

இனி பன்னிரண்டாவது மட்சுக்கு வருவோம்.

எங்கட முன்கள ஆட்டக்காரன், வயது 21, அந்த வருசம் எங்களுக்குக் கிடைச்ச அதிசயம். பன்னிரண்டாவது மட்ச் தொடங்கேக்க அவனுக்கு 31 புள்ளி. மேசன் அண்ணை அவனுக்குப் பின்னால். அவனுக்கு வெளிநாட்டு அலுவல் சரிவந்திருந்தது, ரெண்டு மாசத்தில் பயணம். ஊரில் கடைசி வருசம், கடைசிக் கேடயம்.

ரெண்டாம் பாதியில், பந்து வெளியில் போய் எல்லாரும் நிக்கேக்க, எதிரணிப் பெடியன் ஒருவன் அவனுக்குக் கிட்டப் போய் ஒரு சொல் சொன்னான். மெதுவாத்தான் சொன்னான். ஆனால் கோட்டோரம் கொப்பியோடு நிண்ட எங்களுக்குக் கேட்டது. சாதிப்பேர், அதோட அவன்ர தாயையும் சேர்த்து. இவன் திரும்பி ஒரு அடி. நடுவர் அடியைக் கண்டவர், சொல்லைக் கேட்கேல்லை. சிவப்பு அட்டை. சொன்னவனுக்கு ஒண்டுமில்லை. அவன் மட்ச் முடியும் வரைக்கும் ஆடினான்.

பதினாலு மட்சும் முடிய மேசன் அண்ணை அவனுக்கு அடுத்ததாக நிண்டார். இவனுக்கு அதே 31. முதல் பக்கத்தில் விதி இருக்கு, கீழே அவன்ர கையெழுத்தும் இருக்கு.

மூன்று இரவு சண்டை பிடிச்சோம். விதி விதிதான், இண்டைக்கு வளைச்சால் நாளைக்கு வெளிநாட்டுக் காசுக்கும் வளைப்பம் என்று ரெண்டு பேர். கையைத் தண்டிக்கிற விதி சொல்லைத் தண்டிக்காவிட்டால் அதில் நேர்மை எங்க இருக்கு என்று மற்ற ரெண்டு பேர். மூன்றாவது இரவு இடம் மாறி நிண்டு சண்டை பிடிச்சோம்.

விதியை எடுத்த ஊரில் இதுக்கு என்ன செய்தவையள் என்று தேடினோம். 1993 ஏப்ரல் 17இல் நிக்கி வின்மார் என்ற பூர்வகுடி ஆட்டக்காரர், ஆட்டம் முழுக்க எதிரணி ரசிகர் தன் நிறத்தைச் சொல்லிக் கத்தினதுக்கு, முடிவில் மேற்சட்டையைத் தூக்கித் தன் தோலை விரலால் காட்டினார். ரெண்டு வருசம் கழிச்சு, 1995 ஏப்ரல் 25 ஆட்டத்தில் மைக்கேல் லோங் தனக்கு எதிரணி ஆட்டக்காரர் சொன்ன சொல்லை விடாமல் முறைப்பாடாக்கினார். அதே வருசம் லீக் இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துறதுக்கு எதிராக விதி கொண்டுவந்தது. சொல்லும் குற்றம் என்று எழுத்தில் வர, பிரவுன்லோ தொடங்கி 71 வருசம் எடுத்திருக்கு. அதோடயும் முடியேல்லை. அந்தப் பதக்கத்தை 2003இலும் 2006இலும் எடுத்த அடம் குட்ஸ் என்ற பூர்வகுடி ஆட்டக்காரரை, 2015இல் அவர் ஓய்வு பெறும் வரைக்கும் மைதானம் மைதானமாகச் சனம் கூக்காட்டினது. லீக் மன்னிப்புக் கேட்டது 2019இல்.

இதெல்லாம் வாசிச்சு எங்களுக்கு முடிவு வரேல்லை. எங்கட கழகத்திலும் அந்தச் சொல்லை ஆட்டத்துக்கு வெளியில் பாவிக்கிற ஆக்கள் இருக்கினம். உண்மையைச் சொன்னால், எங்கட நாலு வீட்டில் ரெண்டு வீட்டில் அது குசினிக்குள்ள சாதாரணமாகப் புழங்குற சொல். கோட்டோரம் அதைக் கேட்டபோது எங்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது என்று சொன்னால் பொய். வீட்டில் கேட்ட சொல்லை வெளியில் கேட்ட மாதிரி இருந்தது.

கடைசியில் அவனையே கேட்கப் போனோம். ஒரு பின்னேரம், சாட்டிக் கடற்கரை. காத்து கண்ணுக்குள்ள மண்ணை அடிச்சுக்கொண்டு இருந்தது. நாங்கள் நீட்டி முழக்கினதைக் கேட்டுப்போட்டு அவன் சொன்னான்:

"அடிச்சனான்தானே. அண்ணைக்குக் குடுங்கோ. அவர் நல்ல மனுசன், ஒருத்தரும் அவருக்கு ஒண்டும் குடுத்ததில்லை."

நாங்கள் ஆறுதலாக மூச்சு விட்டோம். அதை அவன் கண்டிருக்கவேணும்.

"ஆனால் கொப்பியில என்ன எழுதினனீங்கள்?"

விரிச்சுக் காட்டினோம். பன்னிரண்டாவது மட்ச்: 'சிவப்பு அட்டை, எதிரணி வீரரைத் தாக்கியமை.'

"அவன் என்ன சொன்னவன் எண்டு இல்லையே. உங்களுக்குக் கேட்டதுதானே?"

கேட்டது என்றோம். எழுதச் சொன்னான். எங்களில் ஒருவன் பேனையை எடுத்து 'தகாத வார்த்தை' என்று எழுதினான். அவன் அதைப் பார்த்துச் சிரிச்சான். பேனையை வாங்கி, 'தகாத வார்த்தை'யை வெட்டிவிட்டு, அந்தச் சொல்லைச் சொன்னபடியே, தாயின் பகுதியும் சேர்த்து எழுதினான். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினான். பிறகு மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பிப் போனான்.

பரிசளிப்பு அண்டைக்கு மேசன் அண்ணையின் பேரைச் சொல்லேக்க அவர் மேடைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வயரைச் சரிபண்ணிக்கொண்டு நிண்டார். மூன்று தரம் கூப்பிடவேண்டிப் போச்சு. கேடயத்தை வாங்கிக்கொண்டு எங்க நிக்கிறது என்று தெரியாமல் தலைவரின் கதிரைக்குப் பின்னால் போய் நிண்டார். அவரின் மகள் கீழே இருந்து "அப்பா, முன்னுக்கு வாங்கோ" என்று கத்தினாள். படம் எடுத்தவன் அவன்தான், எங்கட முன்கள ஆட்டக்காரன், தன்ர போனில. அதுக்கு ரெண்டு கிழமையால் பயணம் போய்விட்டான். வட்ஸ்அப்பில் இருக்கிறான், மட்ச் முடிவு கேட்பான், கொப்பியைப் பற்றிக் கேட்கிறதில்லை.

இந்த வருசமும் புள்ளி போடுவம் என்று கழகம் சொல்லியிருக்கு, முறை எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. செயலாளர் பழைய கொப்பியைக் கேட்கிறார். அதை மாதிரி வைச்சு அச்சிலே ஒரு பதிவுப் புத்தகம் அடிக்கப்போறாராம், காசும் லண்டனில் இருந்து வந்திட்டுது. முதல் பக்கத்தில் ரெண்டாவது விதியாக 'இழிவுபடுத்துற சொல் சொன்னவருக்கும் கேடயம் இல்லை' என்று சேர்க்கச் சொல்லிக் கேட்டோம். 'எங்கட பெடியள் அப்பிடிச் சொல்ல மாட்டினம், பிறகு ஏன் எழுதுவான்' என்றார். கொப்பியை வாசிச்சுப் பாருங்கோ என்று சொல்ல வாய் வந்தது, சொல்லேல்லை.

வாற ஞாயிறு குடுக்கவேணும். அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போட்டுக் குடுப்பம் என்று எங்களில் ஒருத்தி சொன்னாள், அவன்ர தாய் ஊரில்தான் இருக்கிறா என்று. அவன்தானே எழுதினவன், கிழிக்க நாங்கள் ஆர் என்று மற்றவள் கேட்டாள். இதை எழுதுற நேரம் வரைக்கும் பக்கம் கொப்பியிலதான் இருக்கு.