தீசிஸுக்கு நேரம் கொடுங்கள்

எம்.டி., எம்.எஸ். சேர்ந்த பிள்ளைகள் வந்ததும் கேட்பது பரீட்சையைப் பற்றித்தான். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நான்கு தியரி தாள்கள், பிறகு பிராக்டிகல், வைவா. அதை எழுதி விடுவார்கள், பயமில்லை. அந்த ஹாலுக்குள் போவதற்கு முன் மூன்று வருடப் பயிற்சி, 80 சதவீத வருகை, லாக்புக், மாவட்ட மருத்துவமனையில் 3 மாதப் பணி எல்லாம் இருக்கின்றன. மாவட்டப் பணியைத் தண்டனை மாதிரி பார்க்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் ஆகி வருவதற்கு முன் நோயாளி எப்படி இருந்தார் என்பதை அங்கேதான் பார்க்க முடியும்.

என் கவலையெல்லாம் தீசிஸ்தான். எதிக்ஸ் கமிட்டி அனுமதி கிடைத்த பிறகுதான் முதல் நோயாளியையே சேர்க்கலாம். ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தால் மட்டும் போதாது, ஓ.பி. வரிசையில் நிற்கும் அம்மாவுக்கு உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். "மறுத்தாலும் சிகிச்சை பாதிக்கப்படாது" என்ற வரியில் நிறுத்தி, அவர் முகத்தைப் பாருங்கள். புரியவில்லை என்றால் மறுபடி சொல்லுங்கள். கைரேகைக்கு அவசரப்படாதீர்கள்.

ஆய்வில் சேர்த்த நோயாளிகளின் விவரங்களைத் தொகுக்கும் மாஸ்டர் சார்ட்டை அன்றன்றே நிரப்புங்கள். கடைசி வருடத்தில் பழைய கேஸ் ஷீட்டைத் தேடி ரெக்கார்டு ரூமில் தவிக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கனக்கிறது. பேராசிரியர்களே, வாரத்தில் ஒரு மதியமாவது அவர்களை டியூட்டியிலிருந்து விடுவியுங்கள்.