சின்ன எழுத்து

எனது எட்டாந்தர மாணவனொருவன் ‘இலவசப் பாடல்’ என்ற விளம்பரத்தைத் தாயின் கைத்தொலைபேசியில் அழுத்தினான். அன்றுமுதல் நாள்தோறும் அவளது ரீலோட் பணம் கரைந்தது. தலைகுனிந்து நின்றவனை நானும் கடிந்தேன்.

2005 இல் பிரித்தானியாவிலும் இதுவே நிகழ்ந்தது. ‘கிறேசி ஃபுறொக்’ என்னும் தவளையின் அழைப்பொலியைத் தொலைக்காட்சியிற் கண்டு மயங்கிய சிறுவர், வாரந்தோறும் பணம் பறிக்கும் சந்தாவிற் சிக்கினர். சந்தாவென்பதை விளம்பரம் தெளிவுறுத்தவில்லையெனக் கண்ட விளம்பர நியம அதிகாரசபை, இரவு 9 மணிக்கு முன் அதனைக் காட்டலாகாதெனத் தீர்ப்பளித்தது.

அங்கே விசாரிக்கப்பட்டது விளம்பரம். என் வகுப்பறையில் விசாரிக்கப்பட்டவனோ சிறுவன்! பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பிப்பது நமது தொழில். அவர்கள் வாசிக்கவொண்ணாதபடி நிபந்தனையைச் சின்ன எழுத்தில் ஒளித்துவைப்பது வேறு சிலரின் தொழில். அறியாமையே முதலாகும் வணிகத்தை விட்டுவிட்டு, அறியாதவனுக்கு மட்டும் உபதேசிப்பது அறமாகுமா? நான் கடிந்திருக்க வேண்டியவன் அவனல்லன்.