நம்ம ஊட்டுல ஏதுடா மாடி?



கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க. சர்க்கரை பாதி போதும். ஏன்னு போகப் போகப் புரியும்.

ஏப்ரல் 2020-ல், முதல் ஊரடங்கு சமயத்தில், "வீட்டுக்குள்ளேயே எடை கூடாமல் இருக்கப் பத்து வழிகள்" என்று ஒரு பதிவு போட்டிருந்தேன். தினமும் இருபது முறை மாடிப்படி ஏறி இறங்குங்க, காலையில் ஓட்ஸ் சாப்பிடுங்க, யோகா மேட் வாங்கிப் போடுங்க. இப்படிப் பத்து. நிறைய பேர் பகிர்ந்தார்கள். எனக்கும் பெருமைதான்.

தங்கச்சி அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அன்று ராத்திரி அம்மா போனில் கேட்டது ஒரே கேள்வி.

"நம்ம ஊட்டுல ஏதுடா மாடி?"

சிரித்துவிட்டு போனை வைத்தேன். அந்தக் கேள்விக்கு அன்றே உட்கார்ந்து பதில் யோசித்திருந்தால், அப்பாவின் இடது கால் சுண்டுவிரல் இன்று அவரிடம் இருந்திருக்கும்.

அப்பாவிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். "எழுது. நாலு பேருக்காவது புத்தி வரட்டும்" என்றார்.

எங்க ஊர் அனுமந்தை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் கடல். வடக்கே மரக்காணம் போனால் கண்ணுக்கு எட்டின தூரம் உப்பளம். அப்பா நாற்பது வருஷம் அங்கே வேலை செய்தவர். விடியுமுன்னே கிளம்பிப் போய், பாத்தி மிதிப்பார், பலகை போட்டு உப்பை வாருவார், கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவார். வெயில் மண்டையைப் பிளக்கும்போதுதான் கரையேறுவார்.

அந்த உடம்புக்குத் தகுந்த சாப்பாடு. காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ், மதியம் குவியலாகச் சோறு, கருவாட்டுக் குழம்பு, ராத்திரி மறுபடியும் சோறு. நடுவில் ஐந்தாறு டீ. இவ்வளவு சாப்பிட்டும் எடை 61 கிலோ. வயிறு ஒட்டித்தான் இருக்கும். ஆறு வருஷமாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையும் உழைப்பும் சேர்ந்து அதை ஒரு கட்டுக்குள் வைத்திருந்தன.

2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு. உப்பு ஏற்ற லாரி வரவில்லை, அப்பாவுக்கு வேலையும் இல்லை. ஊரடங்கு தளர்ந்த பிறகும், "வயசானவரு, கொரோனா காலம், வெளியே போகாதீங்க" என்று அவரைத் தடுத்தது நான்தான். அப்பா திண்ணையில் உட்கார்ந்தார். ஆனால் தட்டு மாறவில்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் வெளியிட்ட அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஆண் கடின உடல் உழைப்பு செய்தால் ஒரு நாளைக்குச் சுமார் 3,470 கலோரி தேவை. அதே ஆள் உட்கார்ந்தே இருந்தால் 2,110 போதும். வித்தியாசம் 1,360 கலோரி. அரிசியாகச் சொன்னால் கிட்டத்தட்ட 400 கிராம். சோறாக வடித்தால் ஒரு கிலோவுக்கு மேல் வரும்!

அதாவது நேற்றுவரை அளவாக இருந்த அதே தட்டு, வேலை நின்ற மறுநாளே ஒரு கிலோ சோறு அதிகமாகிவிடுகிறது. அப்பா ஒரு பருக்கைகூடக் கூடுதலாகச் சாப்பிடவில்லை. "நான் எப்பவும் சாப்புடறதுதான் சாப்புடறேன்" என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. சிக்கலே அதுதான்.

வயசானவருக்குத் தேவை இதைவிடக் குறைவு. சும்மா இருந்தால் பசியும் கொஞ்சம் குறையும். அதனால் இந்தக் கணக்கு அப்படியே எடையாக ஏறாது. இருந்தும் மூன்றரை மாதத்தில் அப்பா 61-லிருந்து 67 கிலோ ஆகியிருந்தார்.

இன்னொன்றும் சொல்லணும். அந்த ஏப்ரலில் ரேஷனில் ஆயிரம் ரூபாயோடு அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசமாகக் கொடுத்தார்கள். அது இல்லாமல் போயிருந்தால் எங்க தெருவில் பல வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் முதல் சில வாரம் படகு கரையிலேயே கிடந்தது, மீன் இல்லை. காய் விலை கைக்கு எட்டவில்லை. அரிசி இருந்தது, தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றும் இல்லை. அப்போது வயிறு எதனால் நிரம்பும்? சோற்றால்தான். ஒரே தெருவில் இளைத்துப் போனவர்களும் இருந்தார்கள், வயிறு வைத்தவர்களும் இருந்தார்கள். அதனால் ஊரடங்கில் எடை போட்டவர்களை எல்லாம் "வாயைக் கட்டாதவங்க" என்று தயவுசெய்து திட்டாதீங்க.

நான் சென்னையில் கொரோனா வார்டில் இருந்தேன். தினமும் வீடியோ கால். அப்பா முகம் மட்டும் தெரியும். கன்னம் உப்பியிருந்தது. "நல்லா சதை போட்டுட்டீங்கப்பா" என்று சந்தோஷப்பட்டேன். டாக்டர் மகன் சொன்ன வார்த்தையைப் பாருங்க!

ஜூலையில் இ-பாஸ் வாங்கி ஊருக்குப் போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு வாடை. வார்டில் பழகிய வாடை. அப்பா இடது காலைத் துண்டால் மூடியிருந்தார். வேலிக்காத்தான் முள் குத்தி மூன்று வாரம் ஆச்சாம். வலியே இல்லையாம். சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன காலில் எப்படி வலிக்கும்? சர்க்கரை பார்த்தால் 386.

"மாத்திரை போடறீங்களாப்பா?"

கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். "வேலைக்குப் போறவனுக்குத்தான்டா மாத்திரை. சும்மா குந்திகினு இருக்கறவனுக்கு எதுக்கு?"

ஏப்ரலிலேயே நிறுத்தியிருக்கிறார். இத்தனை வருஷமாக அந்த மாத்திரை உழைக்கத் தெம்பு தருகிறது என்று நினைத்திருக்கிறார். அது எதற்கு என்று ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட நான் உட்கார்ந்து விளக்கியதில்லை. பத்து வழிகள் எழுத நேரம் இருந்தது, இதற்கு இல்லை.

உண்மை நேர் எதிர். வேலை செய்யும் தசை, ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானாகவே இழுத்து எரிக்கும். அசையாமல் சில நாள் கிடந்தாலே அந்த வேலை மந்தமாகும், இன்சுலின் சொல்வதையும் உடம்பு சரியாகக் கேட்காது. உப்பளம் இத்தனை நாளாக அப்பாவுக்குப் பாதி மருந்தாக இருந்திருக்கிறது. ஊரடங்கு அந்தப் பாதியைப் பறித்தது. மீதிப் பாதியை அவரே நிறுத்திவிட்டார்.

இன்சுலின், ஆன்டிபயாடிக், பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. காலைக் காப்பாற்றினார்கள். சுண்டுவிரல் போச்சு.

ஆஸ்பத்திரியில் அம்மா ஒன்று காட்டினார். அப்பாவின் பழைய அரைஞாண் கயிறு. ஊரடங்கில் இரண்டு முறை இறுக்குகிறது என்று அறுத்துப் புதுசு கட்டியிருக்கிறார். எங்க வீட்டில் எடை மெஷின் இல்லை, ஆளுயரக் கண்ணாடி இல்லை. ஆனால் அந்தக் கயிறு இரண்டு முறை சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அன்றைக்கு என் பத்து வழிகளைத் தூக்கிப் போட்டேன். மாடி இல்லாத வீட்டுக்கு என்ன சொல்வது என்று அம்மாவோடு உட்கார்ந்து யோசித்தோம். 2021 மே 10-லிருந்து மறுபடியும் ஊரடங்கு வந்தது. அதனால் அந்தப் பட்டியலை உங்களுக்கும் தருகிறேன்.

ஒன்று. வேலை நின்ற அன்றைக்கே தட்டு மாறணும். சோற்றை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். எப்போதும் போடுவதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைங்க. அந்த இடத்தில் முருங்கைக் கீரை, புடலை, சுரை, எது மலிவோ அது. கூடவே முட்டை, சுண்டல், பருப்பு, கிடைத்தால் மத்தி, நெத்திலி. கருவாடு வாரம் ஒரு நாள் போதும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒரு டீஸ்பூன்தான். உப்பு விளைகிற ஊர்க்காரனே சொல்கிறேன்.

இரண்டு. கூழ் மருந்து இல்லை. கேழ்வரகு நல்ல தானியம், ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். "கூழ்தானே" என்று சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறும். ஒரு டம்ளர் போதும்.

மூன்று. டீ. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு ஆறு டீ என்றால் பன்னிரண்டு ஸ்பூன். 200 கலோரிக்கு மேல் போகும். சர்க்கரை நோய் இல்லாதவர்கள் முதல் வாரம் பாதியாக்குங்க, நாக்கு பழகிவிடும். நோய் உள்ளவர்களுக்குச் சர்க்கரை இல்லாத டீதான். அப்பாவுக்கு இப்போது இரண்டு டீ.

நான்கு. ஒவ்வொரு வேளை சாப்பிட்டதும் பத்து நிமிஷம் வாசலிலோ தாழ்வாரத்திலோ நடங்க. மூன்று வேளைக்கு முப்பது நிமிஷம். வாரத்துக்கு 150 நிமிஷம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில் நடந்தால், இதிலேயே வந்துவிடும். தொடர்ந்து நடக்கணும் என்ற கட்டாயமும் இல்லை. சின்னச் சின்ன அசைவும் கணக்கில் சேரும் என்று 2020 நவம்பரில் அவர்களே சொல்லிவிட்டார்கள்.

ஐந்து. தசைக்கு வேலை கொடுங்க. திண்ணையில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்திருங்க. பத்து முறை, காலை மாலை. பாதிக் குடம் தண்ணீரைத் தூக்கி வைங்க. வீட்டு வேலையைப் பெண்கள் தலையிலேயே கட்டாதீங்க. அம்மாவும் உப்பளத்தில் சுமந்தவர்தான். அவரையும் சாயங்காலம் கூட்டிக்கொண்டு நடங்க.

ஆறு. அளந்து பாருங்க. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதைத் தாண்டினால் எச்சரிக்கை. நம்ம மக்களுக்கு பி.எம்.ஐ. 23-லேயே அதிக எடை தொடங்குகிறது. பார்க்க ஒல்லியாகத்தான் தெரிவோம், வயிறு மட்டும் சொல்லும். டேப் இல்லையா? அரைஞாண் கயிறு இறுக்குதா பாருங்க.

ஏழு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க. வேலை இல்லாத நாளில்தான் அது இன்னும் அவசியம். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுக்கிறவர்கள் சோற்றைக் குறைக்குமுன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்க. திடீரென்று குறைத்தால் தாழ்சர்க்கரை வரலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் குடிங்க.

எட்டு. காலில் புண் இருந்தால் நடைப்பயிற்சி வேண்டாம், முதலில் புண்ணைக் காட்டுங்க. சர்க்கரை உள்ளவர்கள் வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்க. அப்பாவுக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு. வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு உப்பில் நடந்தவருக்கு முதல் மாதம் அது பெரிய கொடுமை. இப்போது அது இல்லாமல் கொல்லைப்பக்கம்கூடப் போவதில்லை.

ஒன்பது. கொரோனா வந்து இப்போதுதான் குணமானவர்கள் உடனே குதித்து உடற்பயிற்சி செய்யாதீங்க. நெஞ்சுவலி, மூச்சு வாங்கல் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்க. ஸ்டீராய்டு எடுத்தவர்கள் கட்டாயம் சர்க்கரை பாருங்க.

பத்தாவது கடைசியில்.

புண் ஆறிய பிறகு, அக்டோபரிலிருந்து அப்பா இதைச் செய்கிறார். எட்டு மாதம் ஆச்சு. எடை 62. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. 11.2-லிருந்து 7.1. பெரிய சாதனை என்று சொல்ல மாட்டேன். நடுவில் பொங்கலுக்கு ஏறியது, மறுபடி இறங்கியது. இப்போதும் சில நாள் அம்மாவிடம் "இன்னும் ஒரு கரண்டி போடு" என்று சண்டைதான். நாற்பது வருஷம் உழைத்தவனுக்குச் சோறு குறையும்போது மரியாதையே குறைகிற மாதிரி இருக்கும். அது எனக்கும் புரிகிறது. அதனால் இப்போதெல்லாம் ஊரில் இருக்கும்போது நானும் அதே அளவுதான் போட்டுக்கொள்கிறேன். வார்டு நாட்களில் பார்சல் பிரியாணி தின்று நான் ஏற்றிய நான்கு கிலோவில் மூன்று இறங்கியிருக்கிறது.

இப்போது பத்தாவது.

நீங்க ஒரு ஊரிலும், அப்பா அம்மா வேறு ஊரிலும் இருந்தால், இன்று ராத்திரி வீடியோ கால் போடுங்க. "சாப்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதீங்க. என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு, மாத்திரை அட்டையைக் காட்டுங்க என்று கேளுங்க. அந்த மாத்திரை எதுக்கு என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்க. தப்பாகச் சொன்னால் திட்டாமல் விளக்குங்க.

அப்புறம், கேமராவைக் கொஞ்சம் கீழே காலுக்குத் திருப்பச் சொல்லுங்க.

நான் மூன்றரை மாதம் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.