வரைபடத்தில் விடுபட்ட தோட்டம்

ஜூலை 4

சலீம் அலி பழந்தின்னி வௌவாலின் பரவல் வரைபடத்தை விரித்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் சில புள்ளிகள்தாம் தெரிகின்றன: மேகமலை, பெரியார், களக்காடு முண்டந்துறை. எல்லாமே பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே. உயரம் பெரும்பாலும் 750 முதல் 1100 மீட்டர் வரை. இவை காப்புக்காடுகளின் பெயர்களாக இருப்பதால், இது மனிதர் கைபடாத காட்டின் உயிர், காட்டை மட்டும் காத்தால் போதும் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1948இல் இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் இந்த வௌவாலைப் பிடித்த இடம், அன்றைய மதுரை மாவட்டத்து மேகமலைக் காட்டின் நடுவே இருந்த ஒரு காப்பித் தோட்டம். அந்த மாதிரி, ஊரெங்கும் திரியும் குறுமூக்குப் பழந்தின்னி என்றே எண்ணப்பட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் கிடந்தது. வால் இல்லை, மேலும் கீழும் ஒரே ஒரு சோடி வெட்டுப்பல். இதைக் கண்டுகொண்ட தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா, 1972இல் இதைப் புதிய சிற்றினமாக மட்டுமின்றிப் புதிய பேரினமாகவே அறிவித்தார். மறுபடி இது அறிவியலார் கையில் கிடைத்தது 1993இல், அதே மலையில்.

ஜூலை 9

தோட்டத்தில் பிடிபட்டது தற்செயல், இரை தேடும் வழியில் வந்திருக்கலாம் என்று ஒருவர் மறுக்கலாம். இருக்கலாம். ஆனால் வௌவாலுக்கு வாழிடம் என்பது தங்குமிடம் மட்டுமன்று. இரவில் அது போய்வரும் பரப்பு முழுவதும் அதில் அடங்கும். குறுமூக்குப் பழந்தின்னி பனையோலை மடிப்பிலும் தங்கிக்கொள்ளும். இதுவோ பாறைக் குகைகளில் சிறு கூட்டமாகத் தொங்குவது. இருப்பிடத்தை விரும்பியபடி மாற்ற முடியாது. உணவு காட்டு அத்தி, ருத்திராட்ச வகை மரங்களின் பழம். ஒரே நேரத்தில் எல்லா மரமும் பழுப்பதில்லை என்பதால், குகையைச் சுற்றிப் பலவகை மரங்கள் வேண்டும். காப்பியும் ஏலமும் பழைய காட்டு மரங்களின் நிழலில் வளரும் தோட்டம் அந்தத் தேவையில் ஒரு பங்கைத் தருகிறது. அதே மரங்களை வெட்டிவிட்டுச் சில்வர் ஓக் நட்டால் நிழல் கிடைக்கும், மிளகுக்கொடியும் ஏறும். ஆனால் சதைப்பழம் ஒன்றுகூட இராது. மேலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் பசுமைதான். அந்தப் பசுமையைக் கணக்கிட்டு வாழிடம் குறையவில்லை என்று எழுதிவிடுவதுதான் எனக்குப் பெரும் கவலை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: தோட்டத்திலும் வாழ முடியுமானால் இது எங்கும் இருக்க வேண்டுமே, புள்ளிகள் ஏன் இத்தனை குறைவு? தேடும் முறையும் ஒரு காரணம். பூச்சி தின்னும் வௌவால்களை அவற்றின் மீயொலியைப் பதியும் கருவியால் இருட்டிலும் கணக்கெடுக்கலாம். பெரும்பாலான பழந்தின்னிகள் அத்தகைய ஒலி எழுப்பாமல் கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பவை. வலை கட்ட வேண்டும், அல்லது குகையைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே வெற்றிடம் என்றால் வௌவால் இல்லை என்று பொருளாகாது. அதற்காக எங்கும் நிறைந்திருக்கிறது என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. குகையும், இந்த உயரத்து ஈரக்காடும், பழமரங்களும் ஒருசேர அமையும் இடம் இம்மலைகளில் குறைவு. அந்த உயரத்தில்தான் தேயிலையும் காப்பியும் ஏலமும் பரவின.

ஜூலை 15

சட்டத்தில் இதற்குப் பாதுகாப்பு உண்டு. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். 1972இல் வந்த அதே சட்டம் பிற பழந்தின்னிகளைத் தீங்குயிர் என்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்ததை நினைத்தால் இது பெரிய மதிப்புத்தான். ஆனால் அட்டவணை தடுப்பது பிடிப்பதையும் கொல்வதையும். தோட்டத்துக்காரர் தம் அத்தி மரத்தை வெட்டினால் அது வௌவாலைத் தொட்டதாகாது. மேகமலை சரணாலயமாகி, 2021இல் திருவில்லிபுத்தூரோடு சேர்ந்து புலிகள் காப்பகமான பின்னும் உள்ளே தோட்டங்கள் இருக்கின்றன. எனவே முதல் வேலையாக, குகைகளுக்கு அருகிலுள்ள தோட்டங்களில் எஞ்சியிருக்கும் காட்டு மரங்களை வகைவாரியாகக் கணக்கெடுத்து, அவற்றை நிறுத்திவைப்பவருக்குப் பணமாகவே ஈடு தர வேண்டும் என்பேன். காப்பி விலை விழும் ஆண்டில் வெறும் வேண்டுகோளுக்காக ஒரு மரத்தை விட்டுவைக்கும்படி சிறு விவசாயியிடம் கேட்பது நியாயமாகாது.