நன்றாக இருப்பதற்கு எதற்குக் கவனிப்பு?



மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பாய்சி என்ற ஊர். "என்ன சார், ஊர் சுற்றிப் பார்த்ததைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இன்று ஒரு புதரைப் பற்றி எழுதுகிறேன்.

ஊரைத் தாண்டினால் சாம்பல் பூத்த பச்சையில் இடுப்பளவுப் புதர்கள். பெயர் சேஜ்பிரஷ். இலையைக் கசக்கி முகர்ந்தால் காரமான வாசம். நம் மரிக்கொழுந்தும் இதுவும் ஆர்ட்டிமீசியா என்ற ஒரே பேரினம். இத்தனை வருடம் தாவரவியல் நடத்திய எனக்கே இது இப்போதுதான் தெரியும்! சேஜ் குரூஸ் என்று கோழி மாதிரி ஒரு பறவை இருக்கிறது. குளிர்காலத்தில் அதற்கு ஏறக்குறைய இந்த இலை மட்டும்தான் சாப்பாடு.

சிறிது தூரம் போனதும் காட்சி மாறியது. புதரே இல்லை, வைக்கோல் நிறத்தில் வெறும் புல். வெளியிலிருந்து வந்து பரவிய சீட்கிராஸ். கோடை தொடங்கும்போதே காய்ந்துவிடும், எளிதில் தீப்பிடிக்கும். எரிந்த சேஜ்பிரஷ் வேரிலிருந்து துளிர்க்காது. விதையிலிருந்துதான் வர வேண்டும். அதற்குள் புல் முந்திக்கொள்ளும், மறுபடியும் தீ வரும். 2015இல் சோடா தீ என்ற ஒரே தீயில் ஐடஹோ, ஒரெகான் எல்லையில் சுமார் 2,80,000 ஏக்கர் எரிந்ததாம்.

"அப்படியானால் இந்தப் புல்வெளியைத்தானே முதலில் சரிசெய்ய வேண்டும்?" என்று மருமகனிடம் கேட்டேன். "இல்லை மாமா, நன்றாக இருக்கும் இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்கிறார்கள்" என்றார்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையும் மற்றவர்களும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. 13 மாநிலங்களின் சேஜ்பிரஷ் நிலத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்: இன்னும் கெடாதது, கொஞ்சம் கெட்டது, மிகவும் கெட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 13 லட்சம் ஏக்கர் நல்ல நிலம் கெட்டுக்கொண்டிருக்கிறது. பணமும் ஆளும் அளவோடுதான் உண்டு. முற்றிலும் மாறிய இடத்தில் விதை தூவினால் பல முறை பலிப்பதில்லை. அதனால் முதலில் கெடாததைக் காப்பது, அங்கிருந்து அதன் ஓரங்களை மீட்பது, மிகவும் கெட்ட இடத்தில் பாதிப்பைக் குறைப்பது. நல்ல நிலத்தில் நாலு புல் தலைகாட்டும்போதே பிடுங்கினால் செலவும் குறைவு.

எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் கடைசி பெஞ்சு வாத்தியார். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு மாலையில் சிறப்பு வகுப்பு எடுத்துத் தேர்ச்சி பெற வைத்ததுதான் என் பெருமை.

ஆனால் அன்று இரவு ஒரு பையன் நினைவுக்கு வந்தான். பெயர் வேண்டாம். பத்தாம் வகுப்பில் காலாண்டில் 91, அரையாண்டில் 68. முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போட்டது நான்தான். "இவன் சமாளித்துக்கொள்வான்" என்று நினைத்தேன். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவன் வரவில்லை. அப்பா படுத்த படுக்கை, பையன் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டான். நான் தேடிப்போனபோது மார்ச் மாதம். 68ஐப் பார்த்த அன்றே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பிள்ளைகள் நிலம் இல்லை. எந்தப் பிள்ளையையும் மூன்றாம் பிரிவில் போட்டு விட்டுவிட முடியாது. சிறப்பு வகுப்பு எடுத்ததற்கு நான் வருந்தவும் இல்லை. ஆனால் நன்றாக இருப்பது தானாகவே நன்றாக இருக்கும் என்று நம்பியது என் தவறு. அதை இந்தப் புதர்க்காடு இப்போது சொல்லிக்கொடுத்தது.

உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள், இன்று வகுப்பில் 91லிருந்து 68க்கு இறங்கியது யார் என்று ஒருமுறை பாருங்கள். அடுத்த மாதம் ஊர் வருகிறேன்.