பின்கட்டுப் பட்டறையில் ஒரு காற்றுத் தொட்டி

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர் பக்கத்து வயல்களில் டிராக்டரும் பவர் டில்லரும் இறங்கிவிடும். காரோ பிசானமோ, தொழி உழவு நடக்கிற அந்தச் சில நாட்களில் வண்டி ஒரு மணி நேரம் நின்றாலும் நட்டம்தான். டிரெய்லர் டயரில் காற்று இறங்கியிருக்கும். ரேடியேட்டரில் வைக்கோல் தூசி அடைத்திருக்கும். மருந்தடிக்கிற விசைத்தெளிப்பானின் நாசில் அடைத்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் வேண்டியது காற்று. அந்தக் காற்றுக்காகச் சக்கரத்தைக் கழற்றி, பைக்கில் வைத்துக் கட்டி, மெயின் ரோட்டுப் பஞ்சர் கடைக்குப் போய், "அண்ணாச்சி, காத்து இருக்கா, கரண்டு இருக்கா?" என்று கேட்டு நிற்க வேண்டும்.

இப்படி நான்கைந்து முறை நின்ற பிறகுதான் வீட்டில் கம்ப்ரஸர் பேச்சு எழும். ஐ.டி.ஐ. படித்த பிள்ளை இருக்கிற வீடானால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். "எப்பா, அதை எதுக்குக் காசு குடுத்து வாங்குதீய? பழைய பிரிட்ஜ் கம்ப்ரஸர் ஒண்ணு, காலி சிலிண்டர் ஒண்ணு இருந்தாப் போதும், நானே செஞ்சிருதேன்" என்பான். பிள்ளையின் கைவேலையில் தகப்பனுக்குப் பெருமை. காசும் மிச்சம். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

முதலில் பிரிட்ஜ் கம்ப்ரஸர். சின்ன மோட்டாரும் பிஸ்டனும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைபட்டிருக்கும். நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் காற்றுதான் தள்ளும். பைக் டயருக்கும் நாசில் ஊதவும் அது போதும். ஆனால் பிரிட்ஜுக்குள் திரும்பி வருகிற குளிர்ந்த வாயுதான் அந்த மோட்டாரின் சூட்டைத் தணிக்கும். வெளிக்காற்றை இழுக்க வைத்தால் அந்தக் குளிர்ச்சி கிடையாது. பத்து நிமிடம் விடாமல் ஓடினாலே கை வைக்க முடியாத சூடு. உள்ளே இருக்கிற எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு வெளியே போய்விடும்.

அதைவிடக் கவனம் வேண்டியது பிரிட்ஜிலிருந்து அதைக் கழற்றும்போது. இப்போது வருகிற பல பிரிட்ஜுகளில் இருப்பது ஆர்-600ஏ என்ற வாயு. இது தீப்பிடிக்கும். குழாயில் கேஸ் வெல்டிங் நெருப்பைக் காட்டினால் முகத்திலேயே பற்றும். பழைய வாயுக்களைக் காற்றில் திறந்துவிடுவதும் கூடாது. பிரிட்ஜ் மெக்கானிக்கை வைத்து வாயுவை எடுத்த பிறகே குழாயில் கை வைக்க வேண்டும்.

இவ்வளவும் மோட்டார் சங்கதி. மோட்டார் எரிந்தால் காசுதான் போகும். ஆள் போவது தொட்டியில்.

40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு தொட்டியை எடுத்துக்கொள்ளலாம். அதன் பக்க மூடியின் பரப்பு சுமார் 1,250 சதுர சென்டிமீட்டர். கேஜில் முள் 8 கிலோ காட்டுகிறது என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் 8 கிலோ விசை தள்ளுகிறது என்று பொருள். கணக்குப் போட்டால் அந்த ஒரு மூடியை மட்டும் 10 டன் விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒரு லாரி நெல்லின் எடை அது. அந்த 10 டன்னைப் பிடித்து நிறுத்தியிருப்பது சுற்றிலும் ஓடுகிற ஒரு வெல்டிங் கோடும், சில மில்லிமீட்டர் தகடும்தான்.

தண்ணீர்த் தொட்டி உடைந்தால் தண்ணீர் வழியும், அவ்வளவுதான். காற்றுத் தொட்டி அப்படியில்லை. அமுக்கி வைத்த காற்று வில்லைப் போன்றது. ஓர் இடத்தில் விரிசல் விட்டால் மொத்தமும் ஒரே நொடியில் விரியும். தகடு கிழிந்து பறக்கும். அதனால்தான் தொட்டியைச் சோதிக்கும்போது காற்றை நிரப்புவதில்லை. முழுக்கத் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். தண்ணீர் அமுங்காது, பலவீனமான இடம் இருந்தால் கசியும், வெடித்துச் சிதறாது.

காலி கேஸ் சிலிண்டர் இதைவிட அதிக அழுத்தம் தாங்குமே என்று சிலர் கேட்பார்கள். புதிதில் தாங்கும், உண்மைதான். ஆனால் அது எண்ணெய் நிறுவனத்தின் பொருள். வெட்டவோ ஒட்டவோ யாருக்கும் உரிமை கிடையாது. உள்ளே மிச்சமிருக்கும் கேஸ் வெல்டிங் பொறியில் வெடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் தண்ணீரை வடிக்க வழியே இல்லை. பிரிட்ஜ் வாயு வருகிற மெல்லிய தகடு உருளைகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்தச் செய்தவை. அவற்றைத் தொடவே வேண்டாம்.

விவசாயி வீட்டில் இன்னொரு ஆசையும் வரும். தோட்டத்தில் மிச்சமான பி.வி.சி. குழாய் கிடக்கும். 6 கிலோ, 10 கிலோ என்று மேலேயே அச்சிட்டிருக்கும். அது தண்ணீருக்குப் போட்ட கணக்கு. காற்றை அடைத்தால் பி.வி.சி. கிழியாது, கண்ணாடி போலச் சில்லுச்சில்லாகத் தெறிக்கும். வெயில் பட்டு வெளுத்த குழாயானால் இன்னும் மோசம். காற்றுக்கு ஜி.ஐ. குழாய் அல்லது காற்றுக்கென்றே விற்கும் ரப்பர் ஹோஸ்தான்.

புதுத் தொட்டியே வாங்கினாலும் அதைத் தின்பது தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தாமிரபரணிக் கரையில் காற்று ஈரம் பிழிகிற மாதிரி இருக்கும். அந்தக் காற்றை எட்டு ஒன்பது மடங்கு அமுக்கிக் குளிரவிட்டால் ஈரம் தங்காது. தண்ணீராகப் பிரிந்து தொட்டியின் அடியில் தேங்கும். நிமிடத்துக்கு 100 லிட்டர் இழுக்கிற கம்ப்ரஸர் மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் அரை டம்ளர் தண்ணீர் சேரும். வடிக்காமல் விட்டால் அடித்தகடு உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து மெலியும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். வேலை முடிந்ததும் அடியில் இருக்கிற திருகைத் திறந்து தண்ணீரை விட அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம்தான் தொட்டியின் ஆயுள்.

சரி, வாங்குவதென்றால் எதை வாங்குவது? பைக், ஸ்கூட்டர் டயருக்கு மட்டும் என்றால் கால் பம்போ, பேட்டரியில் ஓடும் சின்னக் காற்றடிப்பானோ போதும். டிராக்டர், டிரெய்லர், ரேடியேட்டர் என்றால் 1 எச்.பி. பெல்ட் கம்ப்ரஸர் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். பெயிண்ட் அடிக்கவும், காற்றால் நட்டு கழற்றவும் வேண்டுமென்றால் 2 எச்.பி. பார்க்கலாம். கடைக்காரர் சொல்கிற காற்றளவு பெரும்பாலும் பிஸ்டன் இழுக்கிற அளவு. வெளியே வருவது அதைவிடக் குறைவு. ஆகவே வெளிவரும் காற்று எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கம்ப்ரஸருக்கு வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. பம்பு செட்டுக்குப் பேர்போன கோயம்புத்தூரில்தான் 1960-ல் எல்ஜி எக்யூப்மென்ட்ஸ் தொடங்கியது. கொங்குப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் காற்றை இறக்கித் தண்ணீரை மேலே கொண்டுவரவே கம்ப்ரஸர் வைத்தார்கள். எந்தப் பெயரானாலும் வால்வு தகடு, பிஸ்டன் ரிங், கேஸ்கட் திருநெல்வேலியில் கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது.

பழையது வாங்கினால் முதலில் தொட்டியில் வேலை அழுத்தம், சோதனை அழுத்தம், ஆண்டு எழுதிய தகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தகடு இல்லாத தொட்டி வேண்டாம். அடிப்பக்கத்தில் ஒட்டு வெல்டிங் இருந்தால் அதுவும் வேண்டாம். வடிகால் திருகைத் திறந்து பார்த்தால் செந்தண்ணீர் நிறைய வருகிறதா, பொருக்கு வருகிறதா என்பது தெரியும். சந்தேகமிருந்தால் தண்ணீர் சோதனை செய்யாமல் காசு கொடுக்கக் கூடாது. பிறகு காலித் தொட்டியை ஓடவிட்டு நேரம் பார்க்கலாம். 100 லிட்டர் தொட்டி 7 கிலோ ஏற 1 எச்.பி. சுமார் பத்து நிமிடம் எடுக்கும். இருபது எடுத்தால் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கிறது. நிறுத்திய பின் முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. நிற்கும்போது 'புஸ்' என்று கொஞ்சம் காற்று விடுவது குறையில்லை. அடுத்த முறை மோட்டார் சிரமமில்லாமல் கிளம்புவதற்கு அது வேண்டும்.

சேஃப்டி வால்வை வளையத்தை இழுத்து மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டும். அது அடிக்கடி திறந்துகொள்கிறது என்று திருகி அடைப்பவர், ஆபத்துக்கு இருந்த ஒரே வாசலையும் சாத்துகிறார்.

கரண்ட் விஷயத்திலும் ஒரு வார்த்தை. பம்பு செட்டின் இலவச மின்சாரத்தில் கம்ப்ரஸரை ஓட்டக் கூடாது. கொடுத்த காரியத்துக்கு அல்லாமல் மின்சாரத்தை வேறு வேலைக்கு எடுத்தால் 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி இரட்டிப்புக் கட்டணம் போடுவார்கள். அக்கம்பக்கத்து வண்டிகளுக்குக் காசு வாங்கிக் காற்றடிக்கிற எண்ணம் இருந்தால், அதற்கான தனி இணைப்பை மின்வாரியத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதே நிம்மதி.

ஏர் ஃபில்டரை ஊதும்போது 2 கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டாம். உள்ளிருந்து வெளியே ஊத வேண்டும். அறுவடை முடிந்து உடம்பில் ஒட்டிய சுணையைத் தட்ட யாரும் ஹோஸை மேலே பிடிக்கக் கூடாது. விளையாட்டாக ஒருவர் உடம்பில் குழாயை வைத்து ஊதி, குடல் கிழிந்து உயிர் போன செய்திகள் நாட்டில் பலமுறை வந்திருக்கின்றன. சேலைத் தலைப்பும் துண்டும் சிக்காதபடி பெல்ட்டுக்குக் கூண்டு இல்லாமல் ஓட்டவே கூடாது.

ஐ.டி.ஐ. படித்த பிள்ளைக்கு அப்புறம் என்ன வேலை என்று கேட்டால், நிறைய இருக்கிறது. மோட்டாரைப் பொருத்துவது, கம்ப்ரஸருக்குச் சொன்ன சுற்றுக்கு மேல் போகாதபடி புல்லி கணக்குப் பார்ப்பது, பெல்ட் கூண்டு அடிப்பது, பிரஷர் சுவிட்ச் இணைப்பது, ஜி.ஐ. குழாயைச் சாய்வாக இழுத்துத் தண்ணீர் வடிய வழி வைப்பது எல்லாம் அவன் கையால் ஆகட்டும். அவன் படிப்பும் வீண் போகாது, காசும் மிச்சமாகும். தொட்டியை மட்டும் சோதனை முத்திரையோடு கடையில் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தொட்டியின் பக்கத்தில் தினமும் நிற்கப்போகிறவன் அவன்தான்.